யார் அந்த நயினார்?

திருநெல்வேலியில் நயினார் என்ற பெயருள்ள ஒருவனைத் தேடச் சொல்வதற்குப் பதிலாக, என்னைத் தூக்கிச் சுலோச்சன முதலியார் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டிருக்கலாம். குளத்துக்கே நயினார்குளம் என்று பெயர் வைத்திருக்கிற ஊர் இது. தெருவுக்கு இரண்டு நயினார், மார்க்கெட்டில் கடைக்கு ஒருவர், போய்ச் சேர்ந்தவர்கள் தனி. நேற்றிலிருந்து அலைந்த அலைச்சலில் என் ஸ்கூட்டர்கூட மேட்டைக் கண்டால் முனகியது.

"அண்ணாச்சி, உங்க பேரு நயினார்தான?"

கத்தரிக்காய் மூட்டையில் சாய்ந்திருந்த மொத்த வியாபாரி பல்லில்லாத வாயைத் திறந்தார். "ஆமா. நீங்க யாரு?"

"சுடலைவடிவுன்னு ஒரு பிள்ளையத் தெரியுமா?"

"எந்தச் சுடலைவடிவு? எங்க பெரியத்தையா? அவ போயி எம்புட்டோ வருசமாச்சே. எதும் சொத்து விசயமா வந்தியளா?" அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இல்ல அண்ணாச்சி. இது வேற வடிவு. சின்னப் பிள்ள. பட்டணத்துக்குப் பரீட்சைக்குப் போவேண்டிய பிள்ள."

"அப்ப எனக்கு எதுக்குத் தெரியணும்?" வெளிச்சம் போய்விட்டது. "கத்தரிக்கா வேணும்னா சொல்லுங்க. இல்லன்னா காத்த மறைக்காதிய."

பாக்கியசீலன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "சார், அடுத்த நயினாரா?"

"அடுத்த டீ," என்றார்.

சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தவர். மனிதர்கள் சொல்கிற பொய்களில் அலுத்துப்போய் அதை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் துப்பறியும் நிலையம் திறந்தார். பொய்கள் பின்னாலேயே வந்துவிட்டன. நான் தஸ்மியா, மேலப்பாளையத்துக்காரி. அவருக்கு உதவியாளர், டிரைவர், டைப்பிஸ்ட் எல்லாம் நான்தான். பேசுவதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, அதை நான் தர்மத்துக்குச் செய்கிறேன்.

எங்களிடம் வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, வீட்டை விட்டுப்போன பிள்ளைகள். கண்டுபிடித்துக் கொடுத்தால் பிள்ளை அழும், கொடுக்காவிட்டால் பெற்றவர்கள் அழுவார்கள். யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கேஸில் ஒரு வித்தியாசம் இருந்தது. இதில் ஒரு ரயில் இருந்தது.

நேற்றுக் காலை ஆபீஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றவர் தாணுமாலையன். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள் சுடலைவடிவு, பிஸிக்ஸ் படித்தவள். விமான நிலையத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு ஏறு, இறங்கு, பொறு என்று வழி சொல்லும் வேலைக்கு விண்ணப்பித்தாள். லட்சக்கணக்கான பேர் எழுதிய கம்ப்யூட்டர் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த படி குரல் தேர்வு. திக்காமல், தடுமாறாமல், தெளிவாகப் பேசுகிறாளா என்று பார்ப்பார்கள். அது சென்னையில், நாளை மதியம். அதற்குப் போக இன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். இதை விட்டால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

அந்தப் பெண்ணைத்தான் காணோம் என்றார் தாணுமாலையன். போன் அணைந்து கிடக்கிறது என்றார். "நான் ஒரு வார்த்த கேக்கதுக்குள்ள போயிட்டா சார். எல்லாம் அந்த நயினாராலதான். அந்த நயினாரப் பிடிங்க சார்!"

நயினார் யார் என்பது அவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அன்னத்தாய்தான் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள். விடியுமுன்னே வடிவு யாரோ ஒரு ஆணோடு போனில் பேசுகிறாளாம். "நயினார், நயினார்" என்று சத்தம் வருமாம். கூடவே ஒருத்தன் "விக்டர்தாங்க" என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வானாம்.

"ஒருத்தனத் தேடுததே பெரும்பாடு, இதுல ரெண்டு பேரு," என்றேன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. "பாளையங்கோட்டையில விக்டரத் தேடுனா நாம கிறிஸ்மஸுக்குத்தான் வீடு திரும்புவோம் சார்."

"எந்தம்பியே விக்டர்தான்," என்றார் சார். டீயை ஒரு வாய் குடித்தார். "தஸ்மியா, ஒரு பிள்ள காணாமப் போனா, அப்பன்காரன் முதல்ல யாருக்குச் சொல்லுவான்?"

"பிள்ளையோட அம்மாக்கு."

"அந்தம்மா அம்பாசமுத்திரத்துல தங்கச்சிக்குப் பேறுகாலம் பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் சொல்லலைங்காரு. சொன்னா பயந்துருவாளாம்."

"பெத்தவளுக்குச் சொல்லாம நமக்குச் சொன்னா, நம்ம மேல அம்புட்டு நம்பிக்கன்னு வச்சுக்கிடுவோம்."

சார் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாளாகிறது. "வண்டிய எடும்மா. அந்த அன்னத்தாய நேர்ல பாப்போம். கேட்டவ சொன்னத இவரு சொல்லி, இவரு சொன்னத நாம கேட்டு, இப்படியே அலைஞ்சா காலுதான் வலிக்கும்."

பேட்டையில் அன்னத்தாய் வீட்டு நடையில் உட்கார்ந்து மடியில் சொளவுத் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டால் அன்னத்தாய்களுக்குக் கொண்டாட்டம்தான்.

"அவன் குரல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார் சார்.

"கரகரன்னு இருக்கும் சார். மூக்கால பேசுத மாதிரி. தண்ணி வராத பைப்புக்குள்ள இருந்து பேசுனா எப்படி இருக்கும், அப்படி."

"அவன் என்ன சொல்லுவான்?"

"என்னமோ இங்கிலீசு. நடுநடுவ நயினார் நயினார்ம்பான். இவளும் நயினார் நயினார்ம்பா. அவன் என்ன சொல்லுதானோ அத அப்படியே இவளும் திருப்பிச் சொல்லுவா. வரி பிசகாது."

நான் நிமிர்ந்தேன். "ஆம்பள சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லுவாளா? இது காதல் இல்ல சார். காதலிக்கும்போது யாரும் கேக்கவே மாட்டாவ. கல்யாணத்துக்கப்பறம் எங்க வீட்டு ஆளு நான் சொன்னதுல பாதியத் திருப்பிச் சொன்னாப் போதும்னு நான் நேர்ச்ச வச்சிருக்கேன்."

அன்னத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "காதல் இல்லங்கியா? இன்னொண்ணு இருக்கு தாயி. அப்பன்காரன்ட்ட எப்படிச் சொல்லுததுன்னு நான் விட்டுட்டேன். கடைசில அவ ராசா… ராசான்னு கொஞ்சுவா பாரு! எனக்கே வெக்கமாப் போச்சு."

நயினார், விக்டர், இப்போது ராசா. மூன்று பேர் ஆகிவிட்டது. நான் தலையில் கைவைத்தேன்.

அப்போது தெருமுனையில் ரோந்து வந்த போலீஸ் பைக் ஒன்று நின்றது. கான்ஸ்டபிள் இசக்கிமுருகன், எங்களுக்குத் தெரிந்தவர்தான், தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் யாரோ கரகரவென்று ஏதோ சொல்ல, "ரோஜர்" என்றார்.

அன்னத்தாய் கையிலிருந்த பீடி நழுவியது. "இந்தா! இவரும் ராசாவைல்லா கூப்பிடுதாரு!"

சாரின் கையிலிருந்த கைக்குட்டை பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் எழுந்து பைக்கருகே போனார். "இசக்கி, ரோஜர்னா என்ன அர்த்தம்? சரின்னா?"

"எல்லாரும் அப்படித்தான் சார் நினைக்காவ. சரின்னு அர்த்தம் கிடையாது. நீ சொன்னது காதுல விழுந்துட்டு, கேட்டேன், அம்புட்டுதான். செய்வேன்னும் இல்ல, ஒத்துக்கிடுதேன்னும் இல்ல." இசக்கிமுருகன் குரலைக் குறைத்தார். "அதிகாரி கத்துவாருல்லா, அப்பயும் ரோஜர்னுட்டு நிம்மதியா இருந்துக்கிடலாம். நல்ல வார்த்த சார்."

"தஸ்மியா," சார் திரும்பினார். குரலில் நேற்றிலிருந்து இல்லாத ஒரு வேகம் இருந்தது. "போன எடு. பைலட்டும் கோபுரத்து ஆளும் பேசிக்கிடுதது எதாவது இருக்கான்னு பாரு."

இல்லாமல் இருக்குமா? தேடினேன். ஒலி கிடைத்தது. கரகரப்புக்கு நடுவே ஒரு ஆண் குரல் எண்களை அடுக்கியது. கோபுரத்திலிருந்த பெண் குரல் அதையே திருப்பிச் சொன்னது. "விக்டர் டாங்கோ… நைனர்… நைனர்… ரோஜர்."

"இவனேதான்!" அன்னத்தாய் சொளவோடு எழுந்துவிட்டாள். "சார், இவனேதான் அந்த நயினார்! பிடிச்சிட்டியளே!"

பிடித்துவிட்டோம். நயினார் என்பவன் ஒன்பது. ஒயர்லெஸ் இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்டுவிடும் என்பதால், ஒன்பதை நைனர் என்று இழுத்துச் சொல்வது அந்தத் தொழிலில் விதி. நம் நாட்டு விமானங்களின் பதிவு எல்லாம் வி, டி என்ற எழுத்துகளில்தான் தொடங்கும். வி என்றால் விக்டர், டி என்றால் டாங்கோ. அந்த விக்டர் டாங்கோதான் அன்னத்தாய் காதில் விழுந்து "விக்டர்தாங்க" ஆகியிருக்கிறான். மேலே இருப்பவனும் கீழே இருப்பவளும் ஒருவர் சொன்னதை ஒருவர் வரி பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து குரல் தேர்வுக்குப் பழகியிருக்கிறாள். எங்கள் ஊர்க் காதுகள் அதற்குள் மூன்று மாப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டன.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. "ஒண்ணாம் நம்பர் வீட்டு நயினார்ல இருந்து மார்க்கெட்டு நயினார் வரைக்கும் நாம தேடுனது ஒரு நம்பரையா? சார், கணக்கு வாத்தியார்ட்ட போயிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்."

சார் சிரிக்கவில்லை. "காதலன் இல்லன்னா வடிவு எதுக்குப் போனா? எங்க போனா? சரி, வா. பட்டறைக்குப் போவோம்."

தாணுமாலையனின் பட்டறை இரண்டு தெரு தள்ளித் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்தது. தகரக் கூரை, உள்ளே பழைய லேத் ஒன்று, ஓரமாக மாடி அறைக்கு ஏறும் இரும்புப் படி. வேலையாட்கள் யாருமில்லை, லீவு கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஆனாலும் லேத் மட்டும் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சார், நயினார் கிடைச்சானா?" அந்த இரைச்சலில் கத்தினார். கையில் ஒரு பெரிய ஸ்பேனர்.

"கிடைச்சிட்டான்," என்று சாரும் கத்தினார்.

"எங்க இருக்கான்?"

"எட்டுக்கும் பத்துக்கும் நடுவ இருக்கான் அண்ணாச்சி," என்றேன் நான்.

சார் விளக்கினார். ஒன்பது, விக்டர், டாங்கோ, திருப்பிச் சொல்வது எல்லாவற்றையும் தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லி முடித்தார். தாணுமாலையனின் ஸ்பேனர் மெல்லத் தாழ்ந்தது. முகம் வெளுத்தது.

"அப்ப… அவ சொன்னது நெசம்தானா?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் உறைத்துவிட்டது. நேற்று இதே மனிதர், ஒரு வார்த்தை கேட்பதற்குள் போய்விட்டாள் என்று சொன்னார். கேட்கவே இல்லையென்றால், அவள் சொன்னது எங்கிருந்து வந்தது?

சார் தரையைப் பார்த்தார். லேத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, மெஷின் ஓடுது. கீழ ஒரு இரும்புச் சுருள்கூட இல்லையே. எதக் கடையுதிய?"

தாணுமாலையன் ஸ்பேனரை வேட்டியில் துடைத்தார்.

"நேத்து நீங்க எங்கிட்ட மகளத் தேடச் சொல்லவே இல்ல. நயினாரத்தான் தேடச் சொன்னிய. பெண்டாட்டிக்கும் சொல்லல. பிள்ள காணாமப் போன வீட்டுல நடக்குத காரியமா இது?" சார் பெருமூச்சு விட்டார். பொய் க்ளெய்ம் ஒன்றைப் பிடித்த சந்தோஷம் அதில் துளியும் இல்லை. "மெஷின நிறுத்துங்க."

அவர் நிறுத்தவில்லை. நான் போய்ச் சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினேன்.

லேத் முனகிக்கொண்டே சுற்றி நின்றது. அதன் பிறகு வந்த அமைதியில், மாடியிலிருந்து மெலிசாக ஒரு கரகரப்பு கேட்டது. "விக்டர் டாங்கோ… நைனர்… நைனர்…" யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ரேடியோ இல்லை, தொண்டை. கத்திக் கத்திக் கிழிந்துபோன ஒரு பெண்ணின் தொண்டை.

"யா அல்லா," என்றேன்.

தாணுமாலையன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பரீட்சைன்னு சொல்லிட்டு அந்தப் பயலோட மெட்ராஸுக்குப் போயிருவான்னு நினைச்சேன் சார். ஒன்பதுப்பா, நயினார்னா ஒன்பதுப்பான்னு கால்ல விழுந்து சொன்னா. நயினாருன்னா ஒன்பதுன்னா யாராவது நம்புவாவளா? நீங்க சொல்லுங்க. அவன் யாருன்னு தெரிஞ்சிட்டா அவன ஒரு வழி பண்ணிட்டு, இவளப் பரீட்சைக்கு அனுப்பலாம்னுதான் இருந்தேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"சாவி," என்றார் சார்.

தாணுமாலையன் இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு படியேறினேன்.

உள்ளே வடிவு பழைய மோட்டார்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு தொடாமல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"பேசாத தாயி," என்றேன். "ஒரு வார்த்தகூடச் செலவழிக்காத. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எல்லாத்தையும் சேத்து வை. நாங்க யாருன்னு அப்பறம் சொல்லுதேன். நயினார் யாருன்னு எங்களுக்குத் தெரியும்."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். அழுகையிலும் சத்தத்தைச் சேமித்தாள் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம். அம்பாசமுத்திரத்துக்கு போன் போட்டு அவள் அம்மா முத்துராணியிடம் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையிலிருந்து "வாரேன்" என்று மட்டும் வந்தது. வெந்நீர், பனங்கற்கண்டு, அதிமதுரம் என்று எங்கள் உம்மா சொல்கிற எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் இறக்கினேன். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினாள். ஆமா என்றால் ஒரு ஆட்டு, இல்லை என்றால் ஒரு ஆட்டு. நாளைக்குள் குரல் திரும்புமா என்று அவள் கண்ணால் கேட்டபோது, நான் திரும்பும் என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? போகிற வழியில் காட்டிய டாக்டரே பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. முத்துராணி மகளுக்கு எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் பக்கம் ஒரு பார்வைகூடத் திருப்பவில்லை. தாணுமாலையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டறையிலிருந்து அப்படியே வந்துவிட்டார், கையில் கிரீஸ் போகவில்லை.

"அப்பா புத்தியில்லாமச் செஞ்சிட்டேன்மா. மன்னிச்சிரு. கேக்குதாம்மா வடிவு? மன்னிச்சிரு. நல்லபடியாப் பேசிட்டு வா. கேக்குதாம்மா?"

வடிவு அவரைப் பார்த்தாள். சாயங்காலத்திலிருந்து யாரிடமும் ஒரு சொல்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த குரலை, அவருக்காகக் கொஞ்சம் எடுத்தாள்.

"ரோஜர்," என்றாள்.

சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் நகர்ந்தது.

தாணுமாலையன் கூடவே நாலடி ஓடிவிட்டு நின்றார். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "ராசான்னு சொல்லிட்டா சார்! சின்னதுல என்னை அப்படித்தான் கூப்பிடுவா, ராசா அப்பான்னு. கோவம் தீந்துட்டு. எம்பிள்ளைக்குக் கோவம் தீந்துட்டு!"

நான் வாயைத் திறந்தேன். சார் என்னைப் பார்த்தார். எனக்குச் சம்பளமில்லாத அந்த ஒரு வேலையை அன்று நான் செய்யவில்லை.

"நெசம்தான சார்? அவ சொன்னத நீங்களும் கேட்டியள்லா?"

பாக்கியசீலன் சார் ரயில் போன திசையைப் பார்த்தபடி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கேட்டேன் அண்ணாச்சி," என்றார்.